எச்சரிக்கை வேறு, கவலை வேறு

தமிழில் ‘கவலை’ என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. ஒரு வழி பல கிளைகளாகப் பிரியும் இடத்திற்குச் சங்க நூல்களில் கவலை என்றே பெயர். எந்தக் கிளையில் செல்வது என்று தெரியாமல் வழிப்போக்கன் அங்கே நின்றுவிடுகிறான். பொழுது சாய்கிறது, கால் வலிக்கிறது, ஆனால் அவன் ஓர் அடிகூட முன்னே செல்லவில்லை. மனம் படும் கவலைக்கு இதைவிடப் பொருத்தமான சித்திரம் கிடைப்பது அரிது. ‘இப்படி ஆகுமோ, அப்படி ஆகுமோ’ என்று கிளைவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் சிறிது தூரம் ஓடித் திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே களைத்து நிற்பது அதன் இயல்பு.

‘எச்சரிக்கை’ வேறு இடத்தில் வழங்கிய சொல். அரசன் வரும்போது கட்டியக்காரன் முன்னால் நின்று உரக்கக் கூறுவது அது. இறைவனின் திருவுலாவின்போது பாடப்பெறும் எச்சரிக்கைப் பாடல்களும் உண்டு. குரல் எழுந்ததும் வழி ஒழுங்காகிறது, அரசன் நடக்கிறான். அவன் கடந்து சென்ற பிறகும் கட்டியக்காரன் அதே இடத்தில் நின்று இரவெல்லாம் கூவிக்கொண்டிருப்பதில்லை.

இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதுதான் தொல்லை. இரண்டுமே வரக்கூடிய தீங்கை நோக்கியவை. அதனால், கவலைப்படாதவரைப் பொறுப்பற்றவர் என்று கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வீட்டில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கினால், ‘உங்களுக்கு என்ன, எல்லாக் கவலையும் எனக்குத்தானே’ என்று மற்றவர் குறைகூறுகிறார். கவலைப்படுவதையே ஒரு கடமையாக, ஏறக்குறைய ஒரு தியாகமாக எண்ணிவிடுகிறோம். இந்த மயக்கம் எங்கே தொடங்குகிறது, எப்படித் தெளிகிறது என்று பார்ப்பதற்கு வண்டியையே வீடாகக் கொண்ட ஒருவரின் நிலை நல்ல உதாரணமாகும்.

வண்டியில் குடியிருப்பது நமக்குப் புதிதன்று. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுடன் வடமாநிலங்களுக்குச் செல்பவர்கள் மாதக்கணக்கில் வண்டியோடு வண்டியாக உண்டு உறங்கிக் காலம் கழிக்கிறார்கள். நீண்டதூர லாரி ஓட்டுநருக்கு இருக்கையின் பின்னாலுள்ள பலகைதான் படுக்கை. கட்டில், சமையலிடம், கழிவறை ஆகியவற்றுடன் அமைந்த கேரவன் வண்டிகளும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

உப்புக் காற்றில் ஒரு வண்டி

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நகரின் தென்பகுதியில் டாலிகஞ்ச் உள்ளது. தொழிற்பேட்டையும் பட்டறைகளும் நிறைந்த இடம். அங்கே, பணி ஓய்வு பெற்ற தமிழ் மெக்கானிக் ஒருவர் பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக மாற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மடக்குக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு, விளக்குக்குத் தனி பேட்டரி, கூரைமேல் சூரியத் தகடு. மனைவியுடன் திக்லிப்பூர் வரை ஏறக்குறைய 330 கிலோமீட்டர் பயணம் செல்ல வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் விருப்பம்.

வீட்டுக்காரருக்கு ஒழுகும் கூரையைப் பற்றிய அக்கறை இருக்கும். வண்டிக்காரருக்குத் தேய்ந்த பிரேக்கைப் பற்றிய அக்கறை இருக்கும். இவருக்கு இரண்டும் உண்டு. மேலும், இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. நின்ற இடத்தில் நிற்கும் அடுப்பின் ரப்பர் குழாய் வேறு. மேடுபள்ளத்தில் குலுங்கிச் செல்லும் அடுப்பின் ரப்பர் குழாய் வேறு. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். ஒரு முக்கியமான உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால், ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடலைக் கடந்து சென்னையிலிருந்து வரவேண்டும். கவலைப்படுபவருக்கு இவ்வளவு வசதியான ஊர் வேறு கிடைக்காது என்றுகூடச் சொல்லலாம்!

ஆயினும், இத்தனை அபாயங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் வியப்பான ஒன்று புலப்படுகிறது. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலும், அதற்கு ஒரு நாளும் உண்டு. உப்பு ஏறிய அடிச்சட்டத்தை நல்ல நீரால் கழுவி உலரவிட்டு, துருத் தடுப்பான் பூச வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழ்ந்து, நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வழக்கம். நெடுநாள் நின்றே இருக்கும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைகிறது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். ‘2321’ என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஈயஅமில பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியபின் அதை அப்படியே விட்டுவைத்தால் தகடுகள் கெட்டுவிடும்.

கேஸைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது தகும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். எனவே காற்றுத் துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும். கூரையில் மட்டும் ஜன்னல் வைத்துவிட்டுத் திருப்தி அடைவது பயனற்றது. சிலிண்டரின் கைப்பிடித் தகட்டில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். ‘பி-27’ என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி எண்ணெய் நிறுவனங்கள் கூறுகின்றன. இணைப்பில் சோப்பு நீரைத் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தீக்குச்சியால் சோதிப்பது மூடத்தனம். வண்டி ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும்.

இவை எல்லாம் எச்சரிக்கை. ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் தொடங்கி ஒரு செயலில் முடிகிறது. செய்த பிறகு நாட்குறிப்பில் தேதி எழுதி மூடிவிடலாம்.

நள்ளிரவில் ஒரு குமிழ்

ஆனால் நம் மெக்கானிக் இரவு படுத்தபின் எழுந்து அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்க்கிறார். மூடித்தான் இருக்கிறது. படுக்கிறார். கால்மணி நேரத்தில் மீண்டும் எழுகிறார். “மூடிவிட்டேனா?” என்று மனைவியைக் கேட்கிறார். “நீங்கள்தானே இரண்டு முறை பார்த்தீர்கள்!” என்கிறார் அந்த அம்மையார். “பார்த்தேன். சரியாகப் பார்த்தேனா என்பதுதான் தெரியவில்லை” என்கிறார் இவர்.

இந்தப் பதிலை நாம் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. நெதர்லாந்தின் வான் டென் ஹூட், கிண்ட் என்னும் இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதே குமிழைப் பற்றியது. கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அதன் குமிழ்களைத் திருகி மூடிச் சரிபார்க்கும்படி சிலரிடம் கூறினார்கள். ஒரு சாரார் மீண்டும் மீண்டும் அடுப்பையே சரிபார்த்தனர். மற்றவர்கள் வேறொன்றைச் சரிபார்த்தனர். இறுதியில் கேட்டபோது, அடுப்பையே பலமுறை சரிபார்த்தவர்களின் நினைவு பிழைபடவில்லை. ஆனால் அது மங்கியிருந்தது. அதன்மேல் அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் குறைந்திருந்தது. பின்னர் கனடாவில் உண்மையான அடுப்பை வைத்தே செய்த சோதனையிலும் இதுவே தெரியவந்தது. பலமுறை செய்த ஒரே செயலில், ‘இந்த முறை செய்தது’ எது என்று மனத்தால் பிரித்தறிய முடிவதில்லை.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். ஐயத்தைத் தீர்ப்பதற்காக எழுந்து பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பதே அடுத்த ஐயத்திற்கு எருவாகிறது. நம் மெக்கானிக் அதிகம் பார்ப்பதால் அதிகம் பாதுகாப்பாக இல்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் குமிழைப் பார்க்கவே இல்லை, தம் பயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கம் கெட்டுக் காலையில் வண்டி ஓட்டினால் அதுவே ஒரு புதிய அபாயம். அதை அவர் தம் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்.

மாற்று என்ன? ‘பார்க்காதே’ என்பதன்று. ஒருமுறை, முழு மனத்தோடு பார்ப்பது. ஜப்பானிய இரயில் ஊழியர்கள் ஒவ்வொரு சைகையையும் கையால் சுட்டி, வாயால் உரக்கக் கூறும் வழக்கம் உடையவர்கள். இம்முறையில் தவறுகள் மிகவும் குறைவதாக அந்நாட்டு இரயில்வே தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் கண்டது. நம் நாட்டு இரயில் எஞ்சினிலும் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதைக் காணலாம். இரவில் சிலிண்டர் வால்வைத் திருகும்போது “மூடியாயிற்று” என்று வாய்விட்டுக் கூறி, மனைவி “சரி” என்று கேட்டுக்கொண்டால் போதும். கை, கண், வாய், காது நான்கும் ஒரே செயலில் கூடுகின்றன. அந்த ஒருமுறை மனத்தில் தங்குகிறது. ஒருமைப்பாட்டைப் பூஜையறையில் மட்டுமே பழக வேண்டும் என்பதில்லை.

கவலையற்றவர் எல்லோரும் தெளிந்தவர் அல்லர்

இதுவரை கூறியதைக் கேட்டு, ‘நான் எதற்கும் அலட்டிக்கொள்வதில்லை, எல்லாம் அவன் செயல்’ என்று மகிழ்பவர்களும் இருப்பார்கள். அவர்களும் சற்று நிற்க வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இரு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.யை இயக்கிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியினுள் புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். உறங்குபவரின் மனத்தில் எவ்வளவு அமைதி இருந்தாலும் அதனால் புகை விலகிப் போவதில்லை. எவ்வளவு கவலை இருந்தாலும் மூக்குக்கு அது தெரியப்போவதும் இல்லை. அதைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்று படுக்கையருகே இருக்க வேண்டும். உறங்கும்போது வண்டியின் அடியிலோ அருகிலோ ஜெனரேட்டர் ஓடக் கூடாது. இங்கே காப்பது எச்சரிக்கை ஒன்றே.

திருவள்ளுவர் பொச்சாவாமைக்கென்றே 54-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். பொச்சாப்பு என்பது வெறும் மறதி அன்று. எல்லாம் நன்றாக இருக்கிறது என்னும் மகிழ்ச்சியில் வரும் சோர்வு. அந்த அதிகாரத்தில் ஒரு குறள் நம் பொருளுக்கு நேராக வருகிறது. அஞ்சுபவனையும் சோர்பவனையும் வள்ளுவர் அதில் அருகருகே நிறுத்துகிறார். அச்சம் உள்ளவனைச் சுற்றி எத்தனை அரண் இருந்தும் பயனில்லை. பொச்சாப்பு உள்ளவனுக்கு எத்தனை நன்மை வாய்த்தும் பயனில்லை என்பது கருத்து. எதிரெதிராகத் தோன்றும் இருவரும் ஒரே நிலையில் வந்து சேர்கிறார்கள். ஒருவனிடம் கோட்டை இருக்கிறது, உள்ளே நடுங்குகிறான். மற்றவனிடமும் கோட்டை இருக்கிறது, கதவைத் தாழிட மறக்கிறான். கவலையை விட்டொழிக்க விரும்பும் சாதகர் பலர் அறியாமலே இரண்டாமவனாக மாறிவிடுவதுண்டு. அதற்குச் சரணாகதி என்று பெயர் வைத்துக்கொள்வது இன்னும் ஆபத்தானது.

கடலடியில் காத்திருக்கும் கருவி

டாலிகஞ்சில் இதற்கு ஒரு நல்ல பாடம் அருகிலேயே இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தீவுகளுக்கான மையம் டாலிகஞ்சில் உள்ளது. சுனாமியை அறிவதற்காக ஆழ்கடலில் மிதவைகளை நிறுவுவது இக்கழகத்தின் பணிகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலையை அத்தீவுகள் மறக்கவில்லை. அந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அருகிலுள்ள சிப்பிகாட்டில் விளைநிலங்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. அதன்பின் 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது.

இத்தகைய மிதவையின் கீழே கடலடியில் ஓர் அழுத்தமானி இருக்கிறது. சாதாரண நாட்களில் அது 15 நிமிடத்திற்கு ஓர் அளவீடு என்ற கணக்கில் தன் பணியைச் செய்கிறது. அலை ஏற்ற இறக்கத்தின்படி நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். எதிர்பார்த்த மட்டத்திற்கும் கண்ட மட்டத்திற்கும் குறிப்பிட்ட அளவு வேறுபாடு தோன்றினால், அது விரைவு நிலைக்கு மாறுகிறது. இந்த வகைக் கருவிகளில் அந்த அளவு 3 சென்டிமீட்டராகவும் வைக்கப்படுகிறது. விரைவு நிலையில் விநாடிகளையும் நிமிடங்களையும் கணக்கிட்டுச் செய்தி அனுப்புகிறது. நீர்மட்டம் சீரானதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 3 சென்டிமீட்டரை உணரும் அளவுக்கு நுட்பம்! ஆயினும் அந்த நுட்பம் எப்போதும் விரைவு நிலையிலேயே இருப்பதால் வந்ததன்று. அப்படி இருந்தால் மின்கலம் தீர்ந்து, உண்மையான அலை வரும் நாளில் அது ஊமையாகக் கிடக்கும். கவலைப்படும் மனத்திற்கு நேர்வது இதுதான். எல்லா ஓசையும் அதற்கு விரைவு நிலை. கதவின் கிறீச்சொலிக்கும் பேரிங்கின் உறுமலுக்கும் அது ஒரே அளவு பதறுகிறது. பதறிப் பதறிக் களைத்தபின், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய உறுமலைக் கேட்காமல் விட்டுவிடுகிறது.

திரும்பி வருவதும் எச்சரிக்கையின் ஒரு பகுதியே. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நிக்கோபார்த் தீவுகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்கள் மேட்டுநிலத்திற்குச் சென்றார்கள். தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்த நடுக்கம் ஆதலால் பேரலை எழவில்லை. அன்றே எச்சரிக்கை விலக்கப்பட்டது. அன்று மேட்டுக்குச் சென்றவர் ஏமாந்தவர் அல்லர். தமக்குத் தெரிந்த அளவில் சரியானதைச் செய்தார், முடிந்ததும் வீடு திரும்பினார். எச்சரிக்கையின் சரி தவறை விளைவைக் கொண்டு அளப்பது நம்மிடம் உள்ள ஒரு பிழை. குழாயை மாற்றியபின் பழைய குழாய் நன்றாகவே இருந்தது தெரிந்தால், ‘வீண்செலவு’ என்று வருந்துகிறோம். அடுத்த முறை மாற்றாமல் விடுகிறோம்.

அடிமையாகப் பிறந்து, பின் விடுதலை பெற்று, ஆசானாக விளங்கிய எபிக்டெட்டஸ் என்னும் தத்துவஞானி, ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். எச்சரிக்கையும் தைரியமும் ஒருவரிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? முடியும் என்றார். நம் தேர்வுக்கு உட்பட்டதில் எச்சரிக்கை, நம் தேர்வுக்கு அப்பாற்பட்டதில் தைரியம். மனிதர்கள் இதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள் என்பது அவருடைய கூற்று. வேடர் கட்டிய இறகுகளைக் கண்டு மிரண்டு, வலை இருக்கும் பக்கம் ஓடும் மானை அவர் உதாரணம் காட்டினார். நம் மெக்கானிக்குக்குப் புயல் வருமா, கப்பல் தாமதமாகுமா என்பவை இறகுகள். உறங்காத கண்ணோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பது வலை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனனைச் செயலுக்கு ஏவும் பகவான், ‘விகதஜ்வரன்’ ஆகச் செயல்படு என்கிறார். ஜுரம் நீங்கியவன் என்று அதற்குப் பொருள். போரைவிட அபாயமான செயல் இல்லை. கவசம் வேண்டாம் என்று அங்கே கூறப்படவில்லை. நீங்க வேண்டியது ஜுரம் மட்டுமே.

ஜிர்காடாங்கில் காலை

எச்சரிக்கை எது, கவலை எது என்று ஒருவருக்கே சில நேரம் தெளிவாவதில்லை. அப்போது அது யாரைச் சுற்றி வருகிறது என்று கவனிக்கலாம். கவலை பெரும்பாலும் ‘எனக்கு என்ன ஆகும்’ என்பதைச் சுற்றியே வருகிறது. திக்லிப்பூர் செல்லும் நெடுஞ்சாலை ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காப்புவனத்தை ஊடுருவிச் செல்கிறது. குறித்த நேரங்களில் காவலுடன் வரிசையாகவே வண்டிகள் செல்ல வேண்டும்; முந்தக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, ஜாரவாக்களைப் படம் எடுக்கவோ அவர்களுக்கு எதையும் கொடுக்கவோ கூடாது. 1999-இல் அம்மக்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலகின் சாதாரண நோய்கூட அவர்களுக்குப் பேராபத்து ஆகலாம் என்பதை அது காட்டியது. ஆகவே பழுதாகி அந்தக் காட்டில் நின்றுவிடும் வண்டி, தன் உரிமையாளருக்கு மட்டும் தொல்லையன்று. புறப்படுமுன் ரேடியேட்டர் குழாயையும் ஃபேன் பெல்ட்டையும் ஒருமுறை கூர்ந்து பார்ப்பது, முகம் தெரியாத மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை. தம்மை மறந்து பிறரை எண்ணிச் செய்யும்போது அதே வேலை இலேசாகிவிடுவதை எவரும் செய்து பார்த்து அறியலாம்.

இருட்டு விலகுமுன் டாலிகஞ்சில் வண்டி புறப்படுகிறது. “சிலிண்டர்?” என்று மனைவி கேட்கிறார். “மூடியாயிற்று.” “தண்ணீர்த் தொட்டி மூடி?” “போட்டாயிற்று.” “டயர்?” “நேற்றே பார்த்தாயிற்று, தேதி எழுதியிருக்கிறது.” ஜிர்காடாங்கில் வரிசை நிற்கிறது. முன்னால் ஒரு பேருந்தும் காய்கறி லாரியும் நிற்கின்றன. பின்பக்கம் ஏதோ மெல்லிய ஓசை. அவர் இறங்கிச் சென்று பார்க்கிறார்; அலமாரியில் இரண்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. இடையில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு வந்து அமர்கிறார். தடுப்புக் கட்டை உயர்கிறது.